உருகாத சாக்லேட், உடையாத பிஸ்கட்: படைவீரர் தீனிகளை வீட்டில் செய்து பார்த்தது

அமெரிக்க ராணுவச் சாக்லேட்டைப் பார்த்து நான் வீட்டில் செய்த கட்டி, 49 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தும் வைத்த வடிவத்திலேயே நின்றது. மேலே லேசாக எண்ணெய் மினுமினுப்பு, விரலால் அழுத்தினால் ஒரு பள்ளம், அவ்வளவுதான். பக்கத்தில் வைத்திருந்த கடைச் சாக்லேட் உறைக்குள்ளேயே கூழாகிக் கிடந்தது. வேலூரின் சித்திரை வெயிலில் ஃபிரிட்ஜுக்கு வெளியே சாக்லேட் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை என்று தெரியும். தின்றபோது மட்டும் முகம் கொஞ்சம் சுருங்கியது. அசல் சரக்கும் அப்படித்தான் முகம் சுருங்க வைத்ததாம், அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் செய்யும் எண்ணமே இல்லை, தின்று பார்க்கும் எண்ணம்தான். ஜப்பானில் வேலை பார்க்கும் நண்பன் கான்பான் என்ற உலர் பிஸ்கட் டின் ஒன்று கொண்டுவந்தான். ஜெர்மனியிலிருந்து அக்கா ஷோ-கா-கோலா சாக்லேட் டப்பா ஒன்று அனுப்பினாள். அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா மகன் பெட்டியில் அந்த நாட்டு ராணுவ எம்.ஆர்.இ. (சமைக்காமல் அப்படியே தின்னும் உணவு) பொட்டலத்தின் பிஸ்கட்டும் ஹாலப்பீனோ மிளகாய் போட்ட சீஸ் பசையும் இருந்தன. மூன்றையும் மேசையில் பரப்பி உட்கார்ந்தோம்.

கான்பான் கட்டைவிரல் நுனி அளவு. நீள்வட்டம், நடுவில் இரண்டு துளை, அங்கங்கே கறுப்பு எள். கடித்தால் ‘டக்’கென்று உடைகிறது, பல்லைச் சோதிப்பதில்லை. இனிப்பு இருக்கிறதா இல்லையா என்று யோசிக்க வைக்கும் அளவுக்குத்தான். நாலைந்து தின்றதும் வாய் வறண்டுவிடும். அதற்கு டின்னுக்குள்ளேயே மருந்து வைத்திருக்கிறார்கள்: கற்கண்டு. ஹமமாட்சுவில் உள்ள சன்ரிட்சு நிறுவனத்தின் டின்னில் பிஸ்கட்டோடு கற்கண்டுத் துண்டுகள் கலந்து வருகின்றன. ஒன்றை வாயில் போட்டால் எச்சில் ஊறும், அடுத்த பிஸ்கட் தானாக இறங்கும். ராணுவப் பொட்டலங்களில் இதே வேலைக்குக் கொம்பெய்தோ என்ற வண்ணச் சர்க்கரை மணிகளைப் போட்டார்கள். தண்ணீர் கிடைக்காத இடத்தில் உலர்ந்த பண்டத்தை எப்படி விழுங்குவது என்பதுவரை யோசித்திருக்கிறார்கள்.

ஷோ-கா-கோலா 1935-இல் வந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் விளையாட்டு வீரர்களுக்கான சாக்லேட்டாக விற்றார்கள், பிறகு ஜெர்மன் விமானிகளிடம் போய்ச் சேர்ந்தது. வட்ட டின்னில் இரண்டு அடுக்கு, மொத்தம் 16 துண்டு. காபியும் கோலாக் கொட்டையும் சேர்ந்த நல்ல கசப்பு. மூன்றில் ருசி இதற்குத்தான். ஆனால் எங்கள் கைக்கு வருவதற்குள் வழியிலேயே உருகி மறுபடி உறைந்து, மேலே வெள்ளை பூத்து, இரண்டு அடுக்கும் ஒன்றாகிவிட்டன. கத்தியால் பெயர்த்துத் தின்றோம்.

எம்.ஆர்.இ. பிஸ்கட்டில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எண்ணெய்ப்பசை, கையில் எடுத்தாலே உதிர்கிறது. காரச் சீஸைத் தடவினால் ஒன்றுக்கு மூன்றாக உள்ளே போகும். அதில் கவனிக்க வேண்டியது உறை. காற்றை உறிஞ்சி ஒட்டிய, பல அடுக்குள்ள தடித்த பை. சுமார் 27 டிகிரியில் வைத்தால் மூன்று வருடம் தாங்க வேண்டும் என்பது இந்தப் பொட்டலங்களுக்கான கணக்கு. கெடாமல் காக்கும் வேலையைப் பை பார்த்துக்கொள்வதால் பிஸ்கட்டில் தாராளமாகக் கொழுப்பு சேர்க்க முடிந்திருக்கிறது.

மூன்றையும் தின்றபிறகு தலையில் ஒன்று உட்கார்ந்துவிட்டது. ருசி கொழுப்பில் இருக்கிறது. வெயிலில் உருகுவதும் கொழுப்புதான், நாள்பட்டால் காறல் வாடை அடிப்பதும் அதுதான். பூஞ்சை பிடிப்பது ஈரத்தால். இந்த இரண்டையும் எவ்வளவு விடலாம் என்று ஒவ்வொரு ராணுவமும் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. அதை நாக்கால் மட்டும் பார்க்காமல் தராசு வைத்துப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

கொழுப்பே இல்லாத பிஸ்கட்

எடுத்தது முதல் உலகப்போர்க் கால ஆஸ்திரேலிய ராணுவ பிஸ்கட். தேங்காயும் ஓட்ஸும் போட்டு ‘ஆன்சாக் பிஸ்கட்’ என்று விற்கும் இனிப்பு வேறு, இது வேறு. இது 1915-இல் துருக்கியின் கலிப்போலிப் போர்முனையில் சிப்பாய்களின் பல்லைப் பதம் பார்த்த சதுரக் கட்டி. தின்ன முடியாமல் அதைத் துருவி, தண்ணீர் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சினார்கள். சிலர் பிஸ்கட்டின் மேலேயே எழுதி ஊருக்கு அனுப்பினார்கள். அப்படி எழுதிய பிஸ்கட்டுகள் கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இன்றும் இருக்கின்றன. அதன் செய்முறையை அந்த நினைவகமே வெளியிட்டிருக்கிறது: மைதா, தானாக உப்பும் மாவு, சர்க்கரை, பால்பொடி, உப்பு, தண்ணீர். நெய், எண்ணெய், வெண்ணெய் எதுவும் கிடையாது.

கப் கணக்கை என் வசதிக்குக் கிராமாக்கிக்கொண்டேன். மைதா 450 கிராம் (அதில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர்), சர்க்கரை 40, பால்பொடி 25, உப்பு 6, தண்ணீர் 200 மில்லி. உப்பைத் தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் மாவில் ஊற்ற வேண்டும். சப்பாத்தி மாவைவிட இறுக்கமாக வரும். அரை மணி நேரம் மூடி வைத்து, 80 கிராம் உருண்டைகளாகப் பிரித்து, 8 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 9 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினேன். கனம் சீராக இருக்க இரண்டு பக்கமும் 8 மில்லிமீட்டர் மரச்சட்டம் வைத்து, அதன்மேல் கட்டையை உருட்டினால் போதும். கண்ணளவில் தேய்த்தால் ஓரம் மெலிந்து கருகும்.

துளைதான் பெரிய வேலை. ஐந்துக்கு ஐந்து, மொத்தம் 25 துளை. ஒற்றை ஆணியால் குத்திப் பார்த்தேன், நாலாவது பிஸ்கட்டிலேயே வரிசை கோணிவிட்டது. அதனால் 12 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டில் 16 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டங்குல ஆணிகளை அடித்து ஓர் ஆணிப்பலகை செய்தேன். ஆணி முனைகளை அரத்தால் தட்டையாக்க வேண்டும், கூராக இருந்தால் துளை மறுபடி மூடிக்கொள்கிறது. பலகையை அழுத்தித் தூக்கினால் பிஸ்கட்டும் கூடவே மேலே வந்தது. மாவு தூவிப் பார்த்தேன், பலனில்லை. பக்கத்துத் தச்சுப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். அங்கிருந்த ஆசாரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எதுக்கு சார் இது? யாரைப் படுக்க வைக்கப் போறீங்க?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் இன்னொரு மெல்லிய பலகையில் ஆணியின் தடிமனைவிடச் சற்றுப் பெரிதாக 25 துளை போட்டு, ஆணிகளின் மேல் மாட்டிவிட்டார். இப்போது ஆணிப்பலகையைத் தூக்கும்போது இந்த இரண்டாம் பலகையைக் கீழே பிடித்துக்கொண்டால் மாவு தனியாகக் கழன்று விழுகிறது. கூலி 100 ரூபாய். இந்த முழு முயற்சியில் நான் மிகத் திருப்தியோடு கொடுத்த காசு அதுதான்.

ஓடிஜி மின் அடுப்பில் 200 டிகிரி, 40 நிமிடம். தட்டின் விளிம்பைச் சுற்றி வெட்டிய மிச்ச மாவை வரப்பு மாதிரி வைத்தால் ஓரத்து பிஸ்கட்டுகள் கருகாது. நினைவகத்தின் குறிப்பிலேயே இருக்கும் யோசனை இது, நன்றாக வேலை செய்கிறது. வெளியே வந்தவை பொன்னிறம், தட்டினால் மரச்சத்தம். டப்பாவில் போட்டு மூடினேன்.

பத்து நாள் கழித்துத் திறந்தால் ஒன்றிரண்டில் சாம்பல் பூத்திருந்தது. வெட்டிப் பார்த்ததில் வெளியே ஓடு, உள்ளே தோல் மாதிரி இழுவை. அப்போதுதான் தராசை எடுத்தேன். 80 கிராம் உருண்டை வெந்தபின் 60 கிராம் இருந்தது. கலவையில் உலர்ந்த பொருள் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஒரு பிஸ்கட்டுக்குச் சுமார் 52 கிராம்தான் வருகிறது. மிச்சம் 8 கிராமும் தண்ணீர். கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூஞ்சை வராமல் என்ன செய்யும்?

அடுத்த ஈட்டில் வேகவைத்ததும் ஓடிஜியை 110 டிகிரிக்கு இறக்கி, கதவைக் கரண்டிக் காம்பு அளவுக்குத் திறந்து வைத்து மூன்று மணி நேரம் உலர்த்தினேன். அரை மணிக்கு ஒருமுறை ஒரு பிஸ்கட்டை எடுத்து நிறுத்தேன். 60, 58, 56 என்று இறங்கி, 54-க்கு வந்தபின் ஊர்ந்தது. 54 என்றால் ஈரம் ஐந்து சதவீதத்துக்குள். அதில் நிறுத்தினேன். வேகவைத்தது, உலர்த்தியது இரண்டுக்கும் சேர்த்து மின் மீட்டரில் 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஓடியிருந்தது. மாவு 450 கிராமுக்கு எட்டு பிஸ்கட், மிச்ச மாவு வரப்புக்கு. ஒரு பிஸ்கட்டின் அடக்கம் மின்சாரம் நீங்கலாக 6 ரூபாய்க்குள். ஏப்ரலில் செய்தவை ஆகஸ்டிலும் அப்படியே இருந்தன, சாதாரண எவர்சில்வர் டப்பாவில்.

தின்பது வேறு கதை. முன்பல்லால் கடிக்கவே கூடாது. அம்மா ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதை அம்மிக்குப் பக்கத்துல வை, எது அம்மி எது பிஸ்கட்டுன்னு தெரியாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சூடான டீயில் முக்கி வைத்தால் 20 நிமிடத்தில் மேலே மெல்லிசாக ஓர் அடுக்கு இளகும், நடு இன்னும் கல்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) சிப்பாய்கள் இதே வகை பிஸ்கட்டைக் காபியில் முக்கித்தான் தின்றார்கள். அதன் அளவு 3⅛ அங்குலத்துக்கு 2⅞ அங்குலம், கனம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. முக்கினால் உள்ளே இருந்த வண்டுகள் மிதந்து மேலே வரும், அதை வழித்து எறிந்துவிட்டுக் குடிப்பார்கள். இன்னொரு வழி, தண்ணீரில் ஊறப்போட்டுப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பது. நான் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் நெய்யில் முறுவலாக்கி, மேலே சர்க்கரை தூவினேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. கொழுப்பு கடைசி நிமிடத்தில் வந்து சேர்ந்ததால் வந்த நன்மை.

கான்பான், வேகமாக

இதில் சொல்ல அதிகம் இல்லை, சுலபமாக வந்துவிட்டது. மைதா 250 கிராம், சர்க்கரை 25, எண்ணெய் 10, ஈஸ்ட் 3, உப்பு 4, கறுப்பு எள் 8, தண்ணீர் 115 மில்லி. ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைப்பதுதான் ஆஸ்திரேலிய பிஸ்கட்டிலிருந்து இதைப் பிரிக்கிறது. உள்ளே நுண்ணிய காற்றறைகள் வருவதால் பல்லுக்கு வழி கிடைக்கிறது. ஒரு மணி நேரம் உப்பவிட்டு, 6 மில்லிமீட்டருக்குத் தேய்த்து, ஒரு துண்டு அலுமினியக் குழாயை வைஸில் லேசாக நசுக்கி நீள்வட்ட அச்சாக்கி வெட்டினேன். துளைக்குக் கோணி ஊசி. துளை போட மறந்த இரண்டு மூன்று பலூன் மாதிரி உப்பிப் பிளந்தன, துளை எதற்கு என்று அவையே சொல்லிவிட்டன. 180 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் உலர்த்தல்.

டின் கான்பானோடு சேர்த்துக் கொடுத்ததில் வீட்டில் யாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என்னுடையதில் எள் வாசனை தூக்கலாக இருந்தது. ஆனால் ஆறு வாரத்தில் அந்த எள்ளே காலை வாரியது. டப்பாவைத் திறந்தால் பழைய எண்ணெய் வாடை. அசல் டின்னின் ஆயுள் ஐந்து வருடம். பத்து கிராம் எண்ணெயும் ஒரு கரண்டி எள்ளும் போட வேண்டுமானால் காற்றுப் புகாத டின் வேண்டும் என்று புரிந்தது.

சாக்லேட்

1937-இல் அமெரிக்க ராணுவத்தின் கேப்டன் பால் லோகன் ஹெர்ஷி நிறுவனத்திடம் ஒரு சாக்லேட் கட்டி கேட்டார். நாலு நிபந்தனை: எடை நாலு அவுன்ஸ் இருக்க வேண்டும், சக்தி நிறையத் தர வேண்டும், அதிக வெப்பத்தைத் தாங்க வேண்டும், ருசி வேகவைத்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம்தான் மேலாக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையில் விளையாட்டு எதுவும் இல்லை. ருசியாக இருந்தால் ஆபத்துக் காலத்துக்குக் கொடுத்ததைச் சிப்பாய் முதல் நாளே தின்று தீர்த்துவிடுவான். ஹெர்ஷியின் வேதியியலாளர் சாம் ஹிங்கிள் சாக்லேட், சர்க்கரை, ஆடை நீக்கிய பால்பொடி, கோகோ வெண்ணெய், ஓட்ஸ் மாவு, வனிலின் சேர்த்து அதைச் செய்தார். கட்டி ஒன்று 600 கலோரி. டி ரேஷன் என்று பெயர். அரை மணி நேரமாவது எடுத்து மெதுவாகத் தின்னச் சொன்னார்கள். அது வயிற்றைப் படுத்திய பாட்டைப் பார்த்துச் சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஹிட்லரின் ரகசிய ஆயுதம்’.

முதலில் கேக் செய்பவர்கள் வாங்கும் காம்பவுண்ட் சாக்லேட்டை உருக்கி ஓட்ஸ் மாவு கலந்து பார்த்தேன், மலிவு என்பதால். வேலைக்கு ஆகவில்லை. அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு, சர்க்கரையும் ஏற்கெனவே கலந்தது. கொழுப்பின் அளவு நம் கையில் இல்லை. சரி என்று சர்க்கரை சேராத கோகோ விழுதை வாங்கினேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ போடுகிறார்கள், அங்கிருந்து வந்தது. 250 கிராம் 420 ரூபாய். கோகோ வெண்ணெய் 100 கிராம் 230 ரூபாய், அதில் பாதிக்கு மேல் இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

ஒரு கட்டிக்கு, அதாவது 113 கிராமுக்கு, கடைசியில் நின்ற அளவு இது: கோகோ விழுது 40 கிராம், பொடித்த சர்க்கரை 40, ஆடை நீக்கிய பால்பொடி 18, ஓட்ஸ் மாவு 10, கோகோ வெண்ணெய் 5, இரண்டு சொட்டு வனிலா. ஹெர்ஷியின் விகிதம் இதுதான் என்று சொல்லவில்லை, அவர்கள் சேர்த்த பொருள்களை வைத்து நான் வந்து சேர்ந்த அளவு. கணக்குப் போட்டால் 550 கலோரி தேறுகிறது. ஓட்ஸை வெறும் வாணலியில் வறுத்து, மிக்ஸியில் அரைத்து, மைதா சல்லடையில் இரண்டு முறை சலித்தேன். வறுக்காமல் போட்ட ஈட்டில் பச்சை மாவு வாடை கடைசிவரை போகவில்லை.

விழுதையும் வெண்ணெயையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, பொடிகளைக் கொட்டினால் உடனே இறுகிவிடும். கரண்டி நிற்கிறது, சாயவில்லை. ஊற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஹெர்ஷி ஆலையிலும் இதே கதைதான். வழக்கமான சாக்லேட் மாதிரி அச்சில் ஓடாததால் ஒவ்வொரு நாலு அவுன்ஸையும் கையால் பிசைந்து, நிறுத்து, அச்சில் அழுத்தியிருக்கிறார்கள். நானும் கையால்தான் பிசைந்தேன். அச்சுக்கு பிளைவுட்டில் 10 × 6 சென்டிமீட்டர் சட்டம், ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம், உள்ளே பட்டர் பேப்பர். மேலே அதே அளவு மரக்கட்டை வைத்து ஜி-கிளாம்ப்பால் இறுக்கினேன். கட்டையின் ஓரம் அச்சுக்குள் சிக்கிக்கொள்ளாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் தேய்த்துக் குறைக்க வேண்டியிருந்தது.

சோதனைக்கு முதலில் காரின் டேஷ்போர்டை நம்பினேன். மதியம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் அங்கே வெப்பம் 44-லிருந்து 61-வரை ஆடியது, ஒரு மேகம் வந்தால் இறங்கியது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றில் 60 வாட் குண்டு பல்பும், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிகளில் போடும் டபிள்யூ1209 தெர்மோஸ்டாட்டும் வைத்தேன். தெர்மோஸ்டாட் 160 ரூபாய், 12 வோல்ட் அடாப்டர் வீட்டில் கிடந்தது. அந்தச் சின்னப் பலகையில் 230 வோல்ட் போகும் முனைகள் திறந்தபடி இருக்கும், கட்டாயம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைத்துவிடுங்கள். பல்பு தெர்மாகோலிலிருந்து கையகலம் தள்ளி இருக்க வேண்டும், நடுவில் ஒரு தகரத் தடுப்பு. சென்சாரை சமையல் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டதில் ஒன்றரை டிகிரி கூடக் காட்டியது, அதற்கேற்பத் திருத்திக்கொண்டேன்.

49 டிகிரி ஏன் என்றால், 1943-இல் ஹெர்ஷி கொஞ்சம் ருசி கூட்டிச் செய்த டிராபிகல் பாருக்கு வைத்த அளவு அது: 120 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம். பெட்டியில் நாலு துண்டு வைத்தேன். கடைப் பால் சாக்லேட் பத்து நிமிடத்தில் போய்விட்டது. ஷோ-கா-கோலா முனை மழுங்கி, அரை மணியில் குட்டையானது. ஓட்ஸ் 5 கிராம், கோகோ வெண்ணெய் 12 கிராம் போட்டிருந்த என் முந்தைய கட்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. ஓட்ஸ் 10, வெண்ணெய் 5 போட்டது நின்றது. வித்தியாசம் ஏழு கிராம் கொழுப்பும் ஐந்து கிராம் மாவும்தான். பெட்டியை 60-க்கு ஏற்றிப் பார்த்தேன், அங்கே இதுவும் சாய்ந்தது. 1990-இல் வளைகுடாவுக்குப் போன அமெரிக்கப் படைக்காக ஹெர்ஷி செய்த டெசர்ட் பார் 60 டிகிரி தாங்கியதாம். அது வேறு வித்தை, என் மிக்ஸிக்கு எட்டாது.

ருசி? மணல் நெருடல், அடியில் கசப்பு, அதன்மேல் ஓட்ஸ். தொண்டையில் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் எடுத்துத் தின்னச் சொன்னதற்குப் படை ஒழுக்கம் காரணமில்லை, வேறு எப்படியும் தின்ன முடியாது. வெந்நீரில் கரைத்துக் குடித்தால் மட்டும் சுமாரான சாக்லேட் கஞ்சி.

சக்கர்பாரா

எதிர்வீட்டு மாமா ஓய்வுபெற்ற சுபேதார். இவ்வளவையும் ருசி பார்க்கக் கூப்பிட்டபோது ஆஸ்திரேலிய பிஸ்கட்டை மேசையில் தட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, எங்களுக்கு இந்தக் கொடுமையெல்லாம் இல்லப்பா. ரோந்துக்குப் போறப்ப பூரியும் சக்கர்பாராவும் கட்டிக் குடுத்துடுவாங்க” என்றார். இந்திய ராணுவத்தில் கைத்தீனி என்றால் பல பேர் நினைவில் நிற்பது இந்தச் சக்கர்பாராதான். மைதாவில் செய்து பொரித்த இனிப்புத் துண்டு. அவர் சொன்ன பக்குவத்தில் மைதா 250 கிராம், ரவை 30, நெய் 50, பொடித்த சர்க்கரை 90, உப்பு ஒரு சிட்டிகை, தண்ணீர் 70 மில்லி. 8 மில்லிமீட்டர் கனத்தில் சின்னச் சின்ன டைமண்டாக வெட்டி, மிக மெல்லிய தீயில் 12 நிமிடம் பொரித்தேன். தீ கூடினால் வெளியே சிவந்து உள்ளே மாவாக நிற்கும். “எங்க லங்கர்ல டால்டாவுலதான் பொரிப்பாங்க, அப்பதான் கையில ஒட்டாது” என்று ஒரு திருத்தமும் சொன்னார். லங்கர் என்றால் படையின் சமையற்கூடம். அடுத்த ஈட்டை டால்டாவில் பொரித்தேன். ஆறியபின் நிஜமாகவே கை ஒட்டவில்லை. ருசிக்கு நெய்தான்.

தட்டு காலியான வேகத்தைப் பார்த்தால் போட்டி என்று ஒன்று நடந்ததாகவே சொல்ல முடியாது. ஆனால் கணக்கை நாள் போகப் போகத்தான் பார்க்க வேண்டும். ஒளித்து வைத்த கால் கிலோவில் நாலாவது வாரம் நெய் காறத் தொடங்கியது. டால்டா ஈடு இன்னும் கொஞ்ச நாள் தாங்கியது. சமையற்கூடம் பக்கத்தில் இருந்து வாராவாரம் பொரித்துத் தரும் வரைக்கும் இது பிரச்சினையே இல்லை. பனிமலையில் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்றால்தான் பையும் டின்னும் ஆராய்ச்சியும் தேவைப்படுகிறது. மைசூரில் 1961-இல் தொடங்கிய ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடம் நீண்ட நாள் கெடாத சப்பாத்தி, பையில் அடைத்த புலாவ், அல்வா என்று செய்து வந்தது இதைத்தான்.

மொத்தச் செலவு, பொருள்களும் ஆணிப்பலகையும் தெர்மோஸ்டாட் பெட்டியும் சேர்த்து, 1,700 ரூபாயைத் தொட்டது. அதில் பெரிய பங்கு கோகோவுக்கு.

மறுபடி செய்தால் ஆஸ்திரேலிய பிஸ்கட்டை 6 மில்லிமீட்டராகத் தேய்ப்பேன். உலர்த்தும் நேரம் கணிசமாகக் குறையும், வரலாற்றுக்குக் கொஞ்சம் துரோகம் என்றாலும் பல்லுக்கு நல்லது. ஆணிப்பலகையின் ஆணிகள் துருவேறத் தொடங்கிவிட்டன, எவர்சில்வர் ஆணிக்கு மாற்ற வேண்டும். சாக்லேட்டுக்குச் சர்க்கரையை மிக்ஸியில் பொடிக்காமல், கோகோ விழுதோடு சேர்த்து இட்லி கிரைண்டரில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்க்கலாம். நெருடல் குறைந்தால் நைசான துகள்கள் கூடுதலாகக் கொழுப்பு கேட்கும், அப்போது 49 டிகிரியில் நிற்குமா என்று மறுபடி பெட்டியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சக்கர்பாராவில் ஒரு ஈட்டை மூன்றாகப் பிரித்துவிட்டேன். ஒன்று எவர்சில்வர் டப்பாவில். ஒன்று அலுமினிய உள்ளடுக்குள்ள பையில், முடி நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னரால் வாயை ஒட்டியது. மூன்றாவது அதே பையில், ஆக்சிஜன் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்று சேர்த்து. மூன்றிலும் தேதி எழுதி அலமாரியில் மேல்தட்டில் ஏற்றியாயிற்று. தீபாவளிக்கு முன்னால் பிரிக்கக் கூடாது என்று மாமாவிடம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.